ஏழாம் நம்பர் மெஷின்

தொண்ணூறுகளின் கடைசியில், இயந்திரங்களின் நம்பகத்தன்மை பற்றிய எம்.இ. ஆய்வுக்காகக் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலைக்குப் போனேன். எந்த மெஷின் எத்தனை முறை பழுதாகி நின்றது என்று ரிஜிஸ்டரைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். ஏழாம் நம்பர் மெஷின் ஒரு வருடமாக நின்றதாகப் பதிவே இல்லை. அதற்குத் தனி ஃபிட்டர் தேவையில்லை என்று அறிக்கையில் எழுதி, மேனேஜரிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பு வேறு.

அந்த வாரமே மேனேஜர், ஏழாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் ஜெபராஜ் அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்த மாதம் ஏழாம் நம்பர் தண்டு ஒடிந்து நின்றுபோனது.

அண்ணாச்சியைத் தேடிப் போனேன். ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

“நின்னாத்தானே சார் ரிஜிஸ்டர்ல எழுதணும்? சத்தம் மாறுனாலே டீ நேரத்துல பேரிங்க மாத்திருவேன். அத யாரு எழுதுதா?” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். என் கணக்கு தப்பு, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன்.

“மெஷினையே பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இனி அவர வச்சு என்ன செய்ய?” என்றார்.

அந்த அறிக்கைக்கு எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. ஏழாம் நம்பர் ஏன் நிற்கவில்லை என்று, இரண்டு மாதம் என் பக்கத்திலேயே நின்றவரிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.