காதில் மஞ்சள் வில்லை போட்ட மாடு

கலர் பென்சிலைச் சீவும்போது வருமே ஒரு மரவாசனை, அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் முகம் சுடும். சிரிக்காதீர்கள், அதற்குக் காரணம் ஒரு மாடு.

தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில், இர்விங்கில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். பொள்ளாச்சிப் பக்கம் தொழுவம் நிறைய மாடுகளோடு வளர்ந்த அம்மாவுக்கு மாட்டுப் பொங்கலன்று கும்பிட ஒரு மாடு வேண்டும்; ஊரிலிருந்து வரும் காலண்டரில் இருக்கும் பசுவுக்குத்தான் வருஷா வருஷம் பொட்டு வைப்பாள். அந்த வருஷக் காலண்டரிலோ முருகன் வந்துவிட்டார். "நீதான் நல்லா வரைவியே கண்ணு, ஒரு மாடு வரைஞ்சு குடு, அதையே கும்பிட்டுக்கலாம்" என்றாள். மூன்றாம் வகுப்புக்காரிக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்! அம்மா மெச்ச வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

போஸ்ட்கார்டு அளவுத் தாள். அம்மா போடும் புள்ளிக் கோலத்தை மாட்டின் உடம்பு முழுக்க இழைத்து, வயிற்றில் தாமரையும் கழுத்தில் சலங்கையும் வரைந்து, குளம்புக்கு நீலம் தீட்டினேன். ஆனால் நான் கிட்டத்தில் பார்த்த மாடு எது? ஃப்ரீவே ஓரத்து வேலிக்குள் நீளக் கொம்போடு நிற்பதுதான். ஆகவே கொம்புகள் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயின. மாடுகள் எல்லாம் போட்டுக்கொள்ளும் தோடு என்று நம்பி, இடது காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையையும் மாட்டிவிட்டேன்.

அம்மா அதைக் கிச்சன் சுவரில் ஒட்டினாள். பொங்கலுக்கு வந்த குடும்பங்களில், அப்பாவோடு வேலை பார்த்த அங்கிள் ஒருவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க்கா, காதுல டேக் வேற இருக்குது! இது கும்பிடற மாடு இல்லீங்க, பர்கருக்குப் போற மாடு!" ஹாலே சிரித்தது. அங்கிள் சிரித்தது போகட்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

படத்தைப் பிய்த்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் அந்த வில்லையை ரப்பரால் அழித்தேன். கலர் பென்சில் அழியுமா? மஞ்சள் அப்பி, காதே கிழிந்து வந்துவிட்டது. "தீபாராதனைக்கு நேரமாச்சு, மாட்டைக் குடு கண்ணு" என்று கதவைத் தட்டிய அம்மாவிடம் நீட்டினேன். ஓட்டையைப் பார்த்தாள். பழையபடி ஒட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, வாயில் துளிப் பொங்கல் அப்பினாள். என் ஒற்றைக்காது மாட்டின் முன்னால் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கூவ, கிண்டலடித்த அங்கிளும் பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிரித்ததைவிட அது மோசம். மானமே போயிற்று என்று ஷூ அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நெய்க்கறை படிந்த அந்தத் தாள் வீடு மாறியதில் எங்கோ தொலைந்தது. காகித மாட்டைக் கும்பிட்ட காலமும் போயிற்று. இப்போது கோயில் பார்க்கிங் லாட்டுக்கு ட்ரெயிலரில் நிஜ மாடே வருகிறது. போன பொங்கலுக்கு வந்தது, இரண்டு கையையும் விரித்தாற்போல் கொம்பும், காதில் மஞ்சள் வில்லையுமாக நின்றது. தலை நரைத்த அதே அங்கிள் வாழைப்பழம் ஊட்டினார். யாரும் சிரிக்கவில்லை, எனக்குத்தான் இந்த வயதிலும் முகம் சுட்டது.

அம்மாவின் முறை வந்தது. எல்லோரும் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு நகர, அவள் மட்டும் என் பக்கம் திரும்பாமலே, அந்த மஞ்சள் வில்லையை விரலால் ஒதுக்கி, இடது காதில் குங்குமம் வைத்தாள்.