ரத்தம் சொன்னதும் மச்சான் சொன்னதும்

மாட்டுத் தரகனுக்குக் கைமுதல் அவன் வாய்ச்சொல்தான். என் சொல்லை முதலில் கெடுத்தவன் நெல்லிக்குப்பம் ஏழுமலை. தரகு பார்த்து ஏச்சு வாங்கிய உங்களுக்கு இந்த வலி புரியும்.

டீக்கடையில்

2009 வாக்கில், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அஞ்சலை என்ற அம்மாவின் கறவை மாட்டை ஏழுமலைக்கு வாங்கிக் கொடுத்தேன். கோமாரி வந்து தேறின மாடு வெயில் தாங்காது, மூச்சு வாங்கும், பாலும் குறையும். அதனால் கோமாரி கண்டதுண்டா என்று கேட்டான். கண்டதே இல்லை என்று சூடம் அணைக்காத குறையாகச் சொன்னேன்.

அடுத்த மாதம் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்து ஊரில் கோமாரி பரவியது. கால்நடைத் துறையினர் வந்து மாடுகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். இந்த மாட்டின் ரத்தத்தில் கோமாரிக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதாகச் சீட்டு வந்தது. நோய் வராமல் அது எப்படி வரும்? திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க ஏழுமலை கத்தினான்: “நோவு கண்ட மாட்ட என் தலையில கட்டிட்டியே மச்சான், உனக்கெல்லாம் ஒரு நாக்கா?”

டாக்டரம்மா

மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ரத்தம் பொய் சொல்லுமா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தடுப்பூசியில் இருப்பதும் அதே கிருமிதான், ஆனால் செத்தது என்றார். “கிருமியப் பாத்தேன்னு ரத்தம் சொல்லுதுங்க ஐயா. செத்ததப் பாத்துச்சா, உசுரோட இருந்ததப் பாத்துச்சான்னு இந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. ஊசி போட்ட மாடான்னு முதல்ல கேட்டுட்டு வாங்க.”

கொம்பு

பஸ் பிடித்து அஞ்சலை வீட்டுக்கு ஓடினேன். விற்பதற்கு முன்பே தடுப்பூசி முகாமில் ஊசி போட்டார்களாம். போட்ட மாட்டுக்கு அடையாளமாகக் கொம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்களாம். என் கண்ணில் அது படவே இல்லையே என்று சண்டைக்கு நின்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கொம்பு வளையத்துல வயசு தெரியக் கூடாதுன்னு கண்ணாடிச் சில்லால சுரண்டி எண்ணெய் தடவுனது நீங்கதான மாமா?”

தரகர்களே, நாம் எல்லோரும் செய்வதுதான். நான் என்ன அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினேனோ!

இரண்டாம் ரத்தம்

பெயிண்ட் போனதால் ஊசிக்குச் சாட்சி இல்லை என்று திரும்பி வந்து சொன்னதும், உயிருள்ள கிருமி உடம்பில் பெருகினால் மட்டும் தெரிகிற வேறொரு டெஸ்ட் உண்டு என்றார் டாக்டரம்மா. மறுபடி ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். நோய் வந்த தடயம் இல்லை என்று பதில் வந்தது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஏழுமலை வீட்டுக்குப் போனேன். மகளைப் படிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டான். பிறகு பால் சொம்பைக் கையில் எடுத்தான். “மாடு நல்ல மாடுதான், அத நான் எப்ப இல்லைன்னேன்? நவுரு மச்சான், கறவைக்கு நேரமாச்சு.”

மாட்டு ரத்தம்கூட இரண்டாம் முறை கேட்டதும் சரியாகச் சொல்லிவிட்டது. பத்துப் பேர் எதிரில் சொன்னதை அதே பத்துப் பேர் எதிரில் மாற்றிச் சொல்ல ஏழுமலைக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.