முதுகு ஆபரேஷனுக்கு அடுத்த நாள்

முதுகு ஆபரேஷன் முடிந்தபின் வலி போய்விட்டது என்று நோயாளி சொன்னால் வார்டே சந்தோஷப்படும். தாதியாகச் சேர்ந்த புதிதில் நானும் சேர்ந்து சிரித்தவள்தான். புஸ்பராணி என்ற நோயாளிக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, அந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்ததேயில்லை.

அவர் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். முள்ளந்தண்டின் அடியில் டிஸ்க் விலகி, வலி கால்வரை இறங்கி, குனிய முடியாமல் வந்து சேர்ந்தார். புருஷன் கட்டிலோடு கிடப்பவர். உழைக்க இவர் ஒருவர்தான். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்முன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"திரும்ப மலைக்கு ஏறலாந்தானே மிஸ்ஸி?"

பெரும்பாலும் ஏறலாம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. மறுநாள் காலை, மூத்திரம் போக வைத்திருந்த கதீட்டர் குழாயைக் கழற்றினார்கள். ரவுண்டில் டொக்டர், வலிக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். அந்த அளவு சிங்களம் இவருக்கும் தெரியும். இல்லை என்று சிரித்தார். டொக்டரும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் பகல் டியூட்டிக்கு வந்தேன். முதலில் கேட்டது, "ஒண்ணுக்குப் போனீங்களா?"

"இல்லைங்க மிஸ்ஸி. அது நமக்குப் பழக்கந்தானே. காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நின்னுட்டு மலைக்கு ஏறுனா, அந்திக்கு லயத்து வீட்டுக்கு வந்துதான் போறது."

பெருமையாகத்தான் சொன்னார். தேயிலை மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் ஏது? அடக்கி அடக்கியே பழகியவர்கள். அதற்குப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனமே அன்று அவருக்கு எமனாக வந்தது.

அடிவயிற்றைத் தொட்டேன். கல்லாக இருந்தது. அமுக்கியும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. போர்வைக்குள் கைவிட்டு உள்தொடையை நன்றாகக் கிள்ளினேன்.

"தெரியுதா?"

"என்னங்க மிஸ்ஸி, கிள்ளுறீங்களா? ஒண்ணுமே தெரியலீங்களே."

எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"விடியக்காலையிலருந்தே உக்காருற எடமெல்லாம் மரத்துக் கெடக்குங்க. மயக்க மருந்து இன்னும் எறங்கலன்னு நெனச்சேன். ஆம்பள டொக்டருகிட்ட அதப் போயி எப்புடிங்க சொல்றது?"

டொக்டரைக் கூப்பிட்டேன். ஓடி வந்து பார்த்தவர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். வெட்டிய இடத்தில் இரத்தம் கட்டி, நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. இதற்கு ஊசி மாத்திரை கிடையாது. உடனே திறந்து எடுக்கவேண்டும். தாமதிக்கத் தாமதிக்க நரம்பு செத்துக்கொண்டே போகும். அன்று அந்தியிலேயே திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

கால் பிழைத்தது. மூத்திரப்பை பிழைக்கவில்லை. தானே குழாய் விட்டு மூத்திரம் எடுக்கப் பழக்கி அனுப்பினோம். லயத்தில் நாலைந்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அங்கே அந்தக் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வார்? மலைக்கு ஏறும் பேச்சும் அதோடு முடிந்தது. கொழும்பில் கடையில் நின்ற மகள் திரும்பி வந்து, அம்மாவுக்குப் பதிலாகத் தோட்டத்தில் பேர் பதிந்தாள்.

இப்போது வேலைக்கு வரும் தாதிகளுக்குச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலேயே சொல்லிவையுங்கள்: ஒண்ணுக்கு வரவில்லையா, உட்காரும் இடம் மரத்துக் கிடக்கிறதா, காலில் பலம் இல்லையா, உடனே கூப்பிட வேண்டும். சொன்னோமே என்று இருந்துவிடவும் கூடாது. நீங்களே போய்க் கேளுங்கள், தொட்டுப் பாருங்கள். வெட்கத்தைப் பார்த்தால் நரம்பு காத்திருக்காது.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒருநாள் புஸ்பராணி கிளினிக்குக்கு வந்தார்.

"நாந்தான் கெடுத்துக்கிட்டேன். வெக்கத்தப் பாக்காம காலையிலயே சொல்லியிருக்கணும், இல்லீங்களா மிஸ்ஸி?"

இல்லை, நாங்கள்தான் கேட்டிருக்கவேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்றார்.