திருவிடந்தையில் ஒரு ஸ்கூட்டர் வகுப்பு

நாளை மாமல்லபுரத்துப் பள்ளியில் நான் பாடம் எடுக்கும் முதல் நாள். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்றே அங்கே போகும் வழியில், திருவிடந்தையில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன். எதிர்ச் சந்தில், மீன்பெட்டி கட்டிய புது ஸ்கூட்டரோடு ஓர் அக்கா தடுமாறுகிறார்.

"இன்னாம்மா பாத்துகினு கீற? உனுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்க்கா. சக்கரத்தப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க."

வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறேன். கொஞ்ச தூரத்தில் கையை எடுத்துவிடுகிறேன். வண்டி நேராகப் போகிறது! என் முதல் மாணவி என்று பூரித்து நிற்கிறேன்.

"ஐயோ, இத்த எப்டிம்மா நிப்பாட்டுறது?"

அதை நான் சொல்லித்தரவே இல்லை. "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன். சவுக்குத் தோப்பு மணலில் சிக்கி வண்டி தானாக நிற்கிறது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இன்னொரு வாட்டி?"

வந்த பஸ்ஸைப் போகவிட்டு, இந்த முறை பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.