கணீரென்று ஒரு ஹால்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் சேகரிடமிருந்து போன். “டேய், ஸ்பீக்கரு போயிடுச்சுடா. உடனே வந்து பாரு.” குரலில் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதது போல ஒரு பதற்றம்.

நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எப்போதோ ஆம்ப்ளிஃபையர் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து விருத்தாசலத்தில் எந்த வீட்டு ரேடியோ கரகரத்தாலும் எனக்குத்தான் அழைப்பு...

சேகர் பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வரும் சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பான். கணீரென்றால் நல்ல சரக்கு. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். புது வீடு கட்டியபோது டைல்ஸையும் அப்படியே சுண்டிச் சுண்டித்தான் தேர்ந்தெடுத்தான். தரைக்கு மட்டுமா? ஹாலின் நாலு சுவருக்கும் — கூரை வரை!

போனேன். பாட்டைப் போட்டான். பாடுவது ஒருத்தி, கேட்பதோ நாலு பேர் குரல். தபேலா, குடம் உருள்கிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றன. மூலையில் வைத்தால் பேஸ் என்கிற அடிச் சத்தம் ஊதிப்போகும். முன்னால் இழுத்து, உட்கார்ந்து கேட்கிற நாற்காலியைப் பார்த்து லேசாகத் திருப்பினோம். குடம் உருள்வது நின்றது. பாடகி மட்டும் இன்னும் நாலு பேர்தான்.

பாட்டை நிறுத்திவிட்டு ஒரு தடவை கைதட்டினேன். ‘டிங்ங்...’ என்று சுவர்கள் திருப்பித் தட்டின.

“ஸ்பீக்கருக்கு ஒண்ணும் இல்லடா. ரூமுதான் சேந்து பாடுது. சத்தத்தை வாங்கிக்க இங்க துணின்னு எதுவுமே இல்லியே.”

“பழைய வூட்டுல மட்டும் என்னாத்தைக் கட்டித் தொங்கவிட்டேன்? அங்க நல்லாத்தான இருந்துது?”

காபியோடு வந்த அவன் மனைவி மல்லிகா அப்படியே நின்றார். “அங்கதான் நான் தச்சுக்கிட்டிருந்தனே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாடகை வீட்டு ஹாலை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் பாதிப் பேருக்கு பிளவுஸ் மல்லிகாவின் கைதான். கொடி முழுக்க ஃபால்ஸ் தைக்க வந்த புடவைகள், மூலைக்கு மூலை வெட்டுத்துணி மூட்டைகள். சாயங்காலம் சேகர் வந்து பாட்டு போட்டதும் மெஷினை நிறுத்திவிடுவார். இரைச்சல் பாட்டைக் கெடுக்குமாம். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் ஊக்கு தைத்தபடி கேட்பார். அந்த மூட்டைகள் பாட்டின் பிசிறையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது எங்கள் மூவருக்குமே தெரியாது.

வீடு மாறும்போது சேகர்தான் சொன்னான் — “இனிமே தையலு எதுக்கு? புது வூட்டுல மூட்டை முடிச்சு வேணாம்.” மெஷினை விற்றாயிற்று. மனைவிக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று மனசார நினைத்தான். ஓய்வு வேண்டுமா என்று அவரைக் கேட்டானா? இல்லையே.

சேகர் டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, “மெஷினு ஒண்ணு வாங்கிடலாமா?” என்றான்.

“மெஷினு வாங்கிடலாங்க. தைக்க வந்தவங்கல்லாம் வேற எடம் பாத்துக்கிட்டாங்களே. இனிமே யாரைப் போயி கூப்புட்றது?” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

சுவருக்குத் தடித்த திரை, தரைக்கு ஜமுக்காளம். எல்லாம் கடைவீதியிலேயே கிடைத்தது. நேற்று மறுபடி போனேன். பாடகி ஒருத்தியாகிவிட்டாள். தபேலாவில் விரல்கள் தனித்தனியாகக் கேட்டன. அப்படி ஒரு சுத்தம்!

ஆனாலும் மனசு கனத்தது. வீட்டில் நமக்கு இடைஞ்சலாகத் தெரிவதுதான் சில நேரம் இன்னொருவர் நம் பக்கத்தில் உட்காரக் காரணமாக இருக்கிறது. எடுத்துப் போட்ட பிறகு இது தெரிந்து என்ன செய்ய?

சேகர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். சமையலறைப் பக்கம் திரும்பி, “மல்லிகா, வந்து கேளேன். இப்ப ரொம்ப நல்லாயிருக்குது” என்று கூப்பிட்டான்.

“இங்கேருந்தே கேக்குதுங்க.”