காரில் ஒரு பை, அதில் காகிதம் இல்லை

2004 நவம்பர் 14, ஞாயிறு. என் குறிப்பேட்டில் அந்தத் தேதியின் கீழே இப்படி இருக்கிறது: ‘வெளியே சுழியத்துக்குக் கீழே ஏழு. அலுவலகத்தில் கொடுத்த தாளைப் படித்தேன். காரில் வைக்க வேண்டியவை: கம்பளி இரண்டு, தகர டப்பா ஒன்று, தடித்த மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சிறு மண்வாரி, கெட்டுப்போகாத தின்பண்டம், சிவப்புத் துணி. பை தயார்.’

மினசோட்டாவுக்கு வந்து எங்களுக்கு அது முதல் குளிர்காலம். வீட்டிலிருந்து கடைக்குப் போய்வரும் மனிதன், வழியில் விறைத்துச் செத்துப்போகாமல் இருக்க ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆரணியில் பெரணமல்லூர் பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் இறங்கி டீ குடிப்போம். இங்கே நின்றுவிட்டால் தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, அந்தச் சூட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். மெழுகுவர்த்தியை மின்வெட்டுக்கு என்றே அறிந்து வளர்ந்தவன் நான்.

‘பை தயார்’ என்று எழுதினேனே தவிர, அந்தப் பையில் தாளில் சொன்ன எதுவும் இல்லை. மூன்று பாஸ்போர்ட், விசா அனுமதிக் கடிதம், என் பட்டச் சான்றிதழ்கள், மகள் யாழினியின் பிறப்புச் சான்றிதழ், அலுவலக லேப்டாப். எல்லாவற்றையும் இரட்டைப் பாலித்தீனில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு சொட்டு ஈரமும் நுழையாதபடி கட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டு டேல் எட்டிப் பார்த்துவிட்டு, “பனியில மாட்டிக்கிட்டா அங்கேயே வேலைக்கு மனு போடப் போறியா?” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். என் மனைவி கலா ஒரே கேள்விதான் கேட்டாள்.

“இன்னாங்க இது? வழியில மாட்டினா கொழந்தைக்கு பாஸ்போர்ட்டயா போத்துவீங்க?”

“பேப்பர் போச்சுன்னா எல்லாம் போச்சு. உனக்குத் தெரியாது.”

“ஆமா, எனக்கு குளிர்னா மட்டும்தான் தெரியும்,” என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கட்டு எங்கே கற்றது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்ந்தது. குழித்தறி; நெய்பவரின் கால்கள் தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கும். ஐப்பசி மழை வலுத்தால் முதலில் தண்ணீர் இறங்குவது அங்கேதான். அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்பே அப்பா ஒரு யூரியா சாக்கைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் பாலித்தீன் தாளும் வெள்ளை வேட்டியும் கயிறும் போட்டு ஆணியில் மாட்டிவைப்பார். தண்ணீர் வந்தால் தறியை மூடிவிட்டு, மிச்சமிருக்கும் பட்டு நூலையும் ஜரிகையையும் அந்தச் சாக்கில் கட்டி எதிர்ச்சாரி மாடி வீட்டுக்கு ஏற்ற வேண்டும். நூல் முதலாளியுடையது. எங்களுக்குக் கூலி மட்டும். அந்தச் சாக்கில் எங்களுக்கென்று ஒரு ரொட்டித் துண்டோ மாற்றுத்துணியோ இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சாக்கிலும் இருந்ததில்லை. மறுநாள் காலை முதலாளியின் ஆள் சைக்கிளில் வந்து, இறங்காமலே கேட்பார்: “இன்னாப்பா, பட்டு நனஞ்சிச்சா?”

1993 நவம்பரில் நான் வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அக்கா பிரசவத்துக்கு வந்து, ஒரு மாதக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். அந்த மழையைப் பற்றி அப்பா எழுதிய இன்லாண்டு கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ‘குழியில் தண்ணீர் ஏறிவிட்டது. பட்டு நனையவில்லை. குழந்தை உட்பட எல்லோரும் நலம்.’ இந்த வரிசைதான். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். “ஆமா, மூட்டைய தூக்கிகினுதான் மொதல்ல ஓடினாரு” என்றாள். அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவர் 1999-இல் இறந்தார்.

2005 ஜனவரி 15, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. நண்பர் வீட்டுப் பொங்கலிலிருந்து திரும்பும்போது வயல்களுக்கு நடுவே கார் சறுக்கி, ஓரப் பள்ளத்துக்குள் இறங்கி, பின்பக்கம் வரை பனியில் புதைந்து நின்றது. செல்பேசிக்குச் சிக்னல் இல்லை. புகைக்குழாய் பனியில் புதைந்தால் நச்சுப்புகை உள்ளே ஏறும், இன்ஜினை ஓடவிடக் கூடாது என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது, அணைத்தேன். கால் மணி நேரத்தில் கண்ணாடியின் உட்பக்கம் பனி படிந்தது. நான்கு வயது யாழினி அழுவதை நிறுத்திவிட்டு நடுங்க ஆரம்பித்தாள். கலா பின்சீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தாள். என் கட்டுகளைப் பல்லால் கிழித்தாள். காகிதங்களைக் காலடியில் கொட்டிவிட்டு, பாலித்தீனைக் குழந்தையின் பாதங்களில் சுற்றி, அவளைத் தன் கோட்டுக்குள் இழுத்துப் பொத்தானை மாட்டினாள். என்னை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு பனி அள்ளும் லாரி நின்றது. மஞ்சள் சட்டை போட்ட ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். “எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்றார். சட்டையைப் பார்த்து யாரோ அதிகாரி என்று நினைத்த நான், காலடியிலிருந்து காகிதங்களை அள்ளி நீட்டி, “எல்லாம் சரியா இருக்கு சார், விசா இருக்கு” என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் பனி அள்ளுறவன்பா. குழந்தை எங்கே?” என்றார். அவருடைய லாரியின் வெப்பத்தில் யாழினி மறுபடியும் அழத் தொடங்கினாள். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாள் பையைக் கவிழ்த்தேன். இப்போது அதில் இருப்பவை: கம்பளி மூன்று, யாழினியின் தடித்த காலுறைகள், தகர டப்பா, மெழுகுவர்த்தி, பொட்டுக்கடலை, வெல்லம், கலாவின் பழைய சிவப்பு நைலக்ஸ் புடவை. அது, வழியில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கார் ஆண்டெனாவில் கட்ட. காகிதம் ஒன்றுகூட இல்லை. காலம் சரியில்லை, எப்போதும் எல்லாவற்றையும் கையிலேயே வைத்திரு என்று நம்மவர்கள் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள். பார்க்க வேண்டியவர்கள் வீட்டுக்கு வரட்டும். மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது, காட்டுகிறேன். பள்ளத்தில் கிடக்கும்போது நான் யாருக்கும் என்னை நிரூபிக்கப் போவதில்லை. லேப்டாப்பை வெள்ளிக்கிழமை மாலையே அலுவலக மேசையில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். மேலாளர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் புலம்பெயர்ந்தவர்களுக்கும் சொல்கிறேன்: நம்மை அனுப்பிய ஊரும் நம்மை வைத்திருக்கும் நாடும் நம் கையில் உள்ளதைத்தான் முதலில் கேட்கும். பையில் முதலில் நம் உடம்புக்கு இடம் வையுங்கள்.

பைக்குள் ஓர் அட்டையும் வேண்டும், எங்களுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று. டேலின் எண்ணை எழுதினேன். இரண்டாவதாகச் சேவூரில் அம்மா வீட்டு எண். அது மாறிவிட்டதா என்று கேட்க அக்காவை அழைத்தேன். காரணத்தைச் சொன்னேன். பேச்சுவாக்கில், அப்பாவைப் போலவே நானும் முதலில் மூட்டையைத்தான் கட்டினேன் என்றேன்.

“டேய், யார்ரா சொன்னது?” அக்காவின் குரல் ஏறியது. “எங்கொழந்தய நெஞ்சோட அணச்சிகினு மாடி வூட்டுக்கு ஓடினாருடா. அப்பறம் திரும்பி வந்துதான் மூட்டைய எடுத்தாரு.”

“அம்மா வேற மாதிரி சொன்னாளே?”

“அம்மா எங்க பாத்தா? அவ பின்னால மாட்ட அவுத்துகினு இருந்தா. உனுக்கு சந்தேகம்னா என்னை கேட்டிருக்கலாம் இல்ல? பன்னண்டு வருசமா இத்தையா வச்சிகினு இருந்த?”

அடுத்த வாரம் அம்மாவிடம் மறுபடி கேட்டேன். “மூட்டைதான். எங்கண்ணால பாத்தேன்” என்றாள். மாடி வீட்டுக்காரர்கள் அந்த வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள், விலாசம் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் இரண்டு சாட்சியங்களையும் தேதியிட்டு அருகருகே எழுதியிருக்கிறேன். அட்டையிலும் இரண்டு எண்கள்: ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிக்கும், மற்றது பாதி உலகத்துக்கு அப்பால், அநேகமாக அம்மா தூங்கும் நேரத்தில். 1993-இல் அப்பா எதை முதலில் தூக்கினார் என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.