தொப்பியும் சுண்டுவிரலும்

முதலில் தூங்கியது இடது கைச் சுண்டுவிரல். சில நாளில் பக்கத்து மோதிரவிரலும் அதற்குத் துணையாகப் படுத்துக்கொண்டது. காலையில் சைக்கிளை விட்டு இறங்கிக் கையை உதறினால் இரண்டும் எழுந்துவிடும். பிறகு உதறினாலும் எழவில்லை. என் கையில் வேறு யாருடைய விரல்களோ ஒட்டியிருப்பதுபோல இருந்தது.

நான் அரியாங்குப்பத்திலிருந்து புதுச்சேரிப் பட்டணத்துக்குத் தினமும் சைக்கிளில் போகிற எழுத்தர். பிரெஞ்சுக் காகிதத்தைத் தமிழாக்கியும் தமிழ்க் காகிதத்தைப் பிரெஞ்சாக்கியும் இரண்டு பாஷைக்காரர்களுக்கும் புரியாமல் செய்வது என் உத்தியோகம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. என்னைப் போல சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் விரல் தூங்கினால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். நான் செய்தது என்னவென்றால், புத்தகம் படித்தேன்.

சைக்கிள்காரனுக்கு உடம்பில் ஏதாவது ஒன்று மரத்துப்போவது புதிதில்லை. முதுகு பிடிக்கும், உட்காருகிற இடம் தன் இருப்பையே மறந்துபோகும். பாலத்தின் மேல் ஏறினால் கடல்காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும். கோட்டு நுனி சங்கிலியில் மாட்டும். புஷ்புஷ் வண்டியில் ஆளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவன் திரும்பிப் பாராமல் குறுக்கே திரும்புவான். இவற்றையெல்லாம் நாங்கள் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகச் சொல்வோம்.

நானும் பள்ளிக்கூட வாத்தியாரான என் சிநேகிதன் அந்துவானும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வில்லியனூர் சாலையில் மூலக்குளம் வரைக்கும் மிதித்துவிட்டு வருவோம். பாரிசுப் பத்திரிகை ஒன்றில் பந்தயக்காரர்கள் குனிந்து பறக்கிற படத்தைப் பார்த்த பிறகு, இருவரும் ஹாண்டில்பாரை இறக்கிவைத்துக்கொண்டோம். வேகம் கூடவில்லை. தொந்தி தொடையில் இடித்ததுதான் மிச்சம்.

விரல் மரத்த சங்கதியை நான் அந்துவானிடம் சொல்லவில்லை. வாசகசாலையில் தடித்த பிரெஞ்சு மருத்துவ அகராதியை எடுத்துப் புரட்டினேன். சுண்டுவிரல், மோதிரவிரல், உணர்ச்சியின்மை, மெல்ல மெல்ல விரல்கள் மடங்குதல். எல்லா வழியும் ஒரே சொல்லில் போய் முடிந்தது. குஷ்டம் (தோலையும் நரம்பையும் தின்கிற பெருவியாதி).

புத்தகத்தை மூடி எடுத்த இடத்திலேயே வைத்தேன். என் கவலை விரலைப் பற்றியதாக இல்லை. அந்த நோய் வந்தவர்களை ஊர் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் என் பெண்சாதி ரோசலி இருந்தாள், ஐந்து வயது மகள் பிலோமினா இருந்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் குழந்தை ஓடிவந்து என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு வயிற்றில் ஏறும். அந்தக் கைகளில் ஒன்று இப்படி ஆகிவிட்டது.

அன்று வீட்டுக்குப் போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்துவைத்தேன். தாழ்வாரத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். பிலோமினா ஓடிவந்தால் இருமல் என்று சொல்லி விலகினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்து ரோசலி கேட்கப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. மாறாக என்னை ஒருவித மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தாள். மீன் குழம்பை என் பக்கம் நகர்த்துவதை நிறுத்தினாள். எதிர்வீட்டு அம்மாள் என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக் கும்பிட்டாள். காரணம் பிறகுதான் தெரிந்தது. அது தபசுக் காலம் (பாஸ்கு என்கிற உயிர்ப்புப் பண்டிகைக்கு முன் நாங்கள் உபவாசமும் ஒறுத்தலுமாகக் கழிக்கும் நாட்கள்). தனித் தட்டு, வெறும் பாய், மௌனம், குழந்தையைக்கூடத் தீண்டாத துறவு. என் பெண்சாதி அதை எல்லாம் பக்தி என்று எடுத்துக்கொண்டு கோயில் சாமியார் வரைக்கும் சொல்லிவிட்டிருந்தாள். பூசை முடிந்து சாமியார் என் தோளைத் தட்டி, "அளவோட செய்யுங்க, உடம்பையும் பாத்துக்குங்க" என்றார். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த ஒரே அர்ச்சியசிஷ்ட (புனிதர்) பட்டம் அதுதான்.

பட்டம் அதிக நாள் நிலைக்கவில்லை. ஒரு காலை கொதிக்கிற காப்பித் தம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோசலி பார்த்துவிட்டாள்.

"என்னாங்க, அது எவ்ளோ சூடு! கீழ வையுங்க."

வைத்தேன். சுண்டுவிரலின் உள்பக்கம் கொப்புளம் பொங்கியிருந்தது.

"கை பொத்துப் போயிருக்கு. உங்களுக்குத் தெரியல?"

"தெரியல."

"தபசா இது?"

"இல்ல ரோசலி" என்று ஆரம்பித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அகராதியையும் சொன்னேன். சொல்லும்போது கையைப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். உடனே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"இத்தினி நாளு இதத்தான் மனசுல வச்சிக்கிட்டு இருந்தீங்களா? நான் வேற நீங்க சாமியாராப் போயிடப் போறீங்கன்னு எதிர்வூட்டுல சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வர்றேன்" என்றாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது நான் சைக்கிளைத் தூணில் சாய்த்துவைத்து அதன் பக்கத்திலேயே நின்றேன். பெஞ்சியில் உட்காரவில்லை. பெஞ்சிக்கு என் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ரோசலி பெஞ்சியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள்.

டாக்டர் நம் ஊர்க்காரர், நிதானமானவர். முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் மார்பையும் பார்த்தார். உணர்ச்சியற்ற தேமல் ஏதும் இருக்கிறதா என்று தேடுகிறாராம். காது மடலைப் பிசைந்தார். முழங்கைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஓடுகிற நரம்பை விரலால் உருட்டினார் (பெருவியாதியில் அது கயிறுபோலத் தடித்துவிடுமாம்). பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

"பொறங்கையில குத்துறது தெரியுதா முசியே?"

"தெரியுது."

"சுண்டுவிரலுக்கு மேல்பக்கம்?"

"தெரியுது."

"உள்பக்கம்?"

"குத்துறீங்களா?"

"குத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். டாக்டர் முகத்தில் கவலை இல்லை. கணக்கு சரியாக வந்தவரின் முகம்போல இருந்தது. "பொறங்கைக்குப் போற கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிஞ்சுடும். அது நல்லா இருக்கு. அப்படின்னா நரம்பு நசுங்குற எடம் உள்ளங்கையில, இதோ, சுண்டுவிரல் பக்கத்து மேட்டுல. எதையாச்சும் இங்க வச்சு அழுத்துறீங்களா?"

"நான் எழுத்தர். பேனாவத்தான் அழுத்துறேன், அதுவும் வலது கையில."

"வந்தது எதுல?"

"சைக்கிள்ல."

"ஓட்டிக் காட்டுங்க."

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு பூப்பாத்தி. அதைச் சுற்றி ஓட்டச் சொன்னார். தாழ்வாரத்தில் நோயாளிகள் எல்லாரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சுற்று முடித்தேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது சுற்றில் ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியர், வெள்ளைக்காரர், எதிரே நடந்து வந்தார். நான் "பொன்ழூர், முசியே" என்று வணக்கம் சொல்லித் தொப்பியைத் தூக்கினேன்.

"அப்படியே நில்லுங்க!" என்று கத்தினார் நம் டாக்டர். சைக்கிளில் போகிறவன் அப்படியே நிற்க முடியாது. காலை ஊன்றிப் பாத்திக்குள் நின்றேன். தொப்பி இன்னும் வலது கையில் ஆகாயத்தில் இருந்தது.

"இடது கை எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். இறக்கிவைத்த ஹாண்டில்பாரின் நுனியில், உள்ளங்கையின் அந்த மேட்டில், என் மொத்த உடம்பும் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சமமானவருக்குத் தொப்பி விளிம்பைத் தொட வேண்டும். ஆபீஸ் தலைவருக்கு ஓரங்குலம் தூக்க வேண்டும். நீதிபதிக்கு மார்புவரை இறக்க வேண்டும். சாமியாருக்குத் தொப்பி மடிக்கே வந்துவிடும். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஊரே உலாவ வரும்போது என் தொப்பி தலையில் இருந்த நேரம் சொற்பம். அத்தனை மரியாதைக்கும் பாரம் சுமந்தது இடது கைச் சுண்டுவிரல் நரம்பு.

"இது மரியாதை வியாதி" என்றார் டாக்டர். ரோசலி ஜெபமாலைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தேகம் தீர்க்கக் காது மடலில் சிறு கீறல் போட்டு எடுத்ததையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கிருமி இல்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் பிலோமினா பழக்கமாகச் சற்றுத் தள்ளியே நின்றாள். "இருமல் போச்சா?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். உடனே வந்து ஏறிவிடவில்லை. நானே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டவேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நான் படித்த புத்தகத்துக்கு விலை கொடுத்தது அந்தக் குழந்தை.

வைத்தியம் எளிது, சலிப்பானது. கொஞ்ச காலம் சைக்கிள் கூடாது. வெதுவெதுப்பான எண்ணெய் தடவி விரல்களை விரித்து மடக்க வேண்டும். பிறகு ஹாண்டில்பாரை உயர்த்தித் துணி சுற்றி ஓட்டலாம். "நரம்பு நகம் வளர்ற வேகத்துலதான் சரியாகும். தெனம் தெனம் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். அவர் சொன்னதாலேயே தினம் தினம் பார்த்தேன்.

சைக்கிளில் மறுபடி ஏறியதும் மரியாதைப் பிரச்சினை எழுந்தது. தலையை மட்டும் ஆட்டினால் திமிர் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் இறங்கி ஏறினால் ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குத்தான் போய்ச்சேர முடியும். அந்துவானிடம் யோசனை கேட்டேன்.

"தொப்பியே இல்லன்னா எதத் தூக்குவ? காரியர்ல கட்டிட்டுப் போ மச்சான்."

"வெயில்?"

"உன் தலையில கெடுறதுக்கு இன்னா இருக்கு?"

வெறுந்தலையோடு போனேன். வெள்ளைக்காரத் தொப்பியை உதறிவிட்டு நான் கதர்க் கட்சியில் சேர்ந்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. ஆபீஸ் தலைவர் கூப்பிட்டு விசாரித்தார். டாக்டர் உத்தரவு என்றேன். எந்த வியாதிக்குத் தொப்பி ஆகாது என்று அவர் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

பாஸ்கு போயிற்று, வெயில் போயிற்று, மழை தொடங்கிற்று. ஒரு மதியம் பிலோமினாவுக்கு முள் எடுத்து மீன் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் அசைய, முள் போட்ட கிண்ணம் சாய, இடது கையால் பிடித்தேன். சுண்டுவிரலில் சுருக்கென்றது.

"ரோசலி! முள்ளு குத்திடுச்சு!"

அவள் ஓடிவந்தாள். "எங்க? வலிக்குதா?"

"வலிக்குது."

"நெசமா வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குது ரோசலி, நல்லா வலிக்குது!"

நாங்கள் இருவரும் ஒரு துளி ரத்தத்தைப் பார்த்துச் சிரிக்கிறதைக் கண்டு குழந்தை பயந்து அழுதது.

இப்போது நான் நிமிர்ந்து ஓட்டுகிறேன். நிமிர்ந்தவன் மெதுவாகத்தான் போவான். பாலம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். முன்பு ஆபீசுக்குப் போய்ச்சேர்ந்த பிறகுதான் என் நாள் தொடங்கும். வழி எல்லாம் நாளில் சேராத நேரம். இப்போது வாசலில் பெடலில் கால் வைத்ததுமே தொடங்கிவிடுகிறது. இதனால் ஆபீசில் என் வேலை குறையவில்லை, என் அவசரம் மட்டும் குறைந்திருக்கிறது.

உடம்பையும் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். முன்பெல்லாம் அது என்னைச் சுமக்கிற வாகனம். இப்போது கூடவே வருகிற ஆள். பேசினால் காது கொடுக்கிறேன், அகராதியைத் திறப்பதில்லை. மோதிரவிரல் முழுவதும் திரும்பிவிட்டது. சுண்டுவிரலின் நுனியில் ஒரு பருப்பளவு இடம் மட்டும் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். ரோசலி சில சமயம் அங்கே கிள்ளிப் பார்க்கிறாள். "இன்னும் இல்ல" என்கிறேன். "வரட்டும், இன்னா அவசரம்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போகிறாள்.